பாசிசவாதம் மீண்டும் ஆட்சிக்கு வர முடியுமா?

க.பொ.த. (சாதாரண தரம்) – வரலாறு
மீட்டற் கட்டுரையும் மாதிரி வினா விடைகளும்



இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட கால ஐரோப்பாவைப் பற்றிப் படிக்கும்போது முசோலினி, ஹிட்லர் ஆகியோரின் எழுச்சியை நீங்கள் கற்றிருப்பீர்கள். ஆண்டுகளையும் பெயர்களையும் பிழையின்றி எழுதும் மாணவர்கள்கூட, "பாசிசவாதம் மீண்டும் ஆட்சிக்கு வர முடியுமா? உமது கருத்தை வரலாற்று ஆதாரங்களுடன் விளக்குக" என்பது போன்ற வினாவைக் கண்டதும் தடுமாறுகின்றனர். சிலர் "ஹிட்லர் இறந்துவிட்டார், எனவே முடியாது" என ஒரு வரியில் முடித்து விடுகின்றனர். வேறு சிலர் தமக்குப் பிடிக்காத எல்லா ஆட்சிகளையும் பாசிச ஆட்சிகள் என எழுதுகின்றனர். இவ்விரு விடைகளுக்கும் புள்ளிகள் கிடைப்பது அரிது.

இவ்வினாவுக்கு விடையளிக்க மூன்று விடயங்களை அறிந்திருத்தல் வேண்டும். பாசிசவாதம் எந்த வழியால் ஆட்சிக்கு வந்தது? எங்கே, எதனால் அது வர முடியாமற் போனது? 1945 இன் பின்னர் அவ்வழியை அடைக்க என்ன செய்யப்பட்டது? இம்மூன்றையும் ஒழுங்காகப் பார்ப்போம்.

1. பாசிசவாதம் என்றால் என்ன?

பண்டைய உரோமில் நீதவான்களுக்கு முன்னால் கோடரியுடன் சேர்த்துக் கட்டிய தடிகளின் கட்டு ஒன்று எடுத்துச் செல்லப்பட்டது. அது அதிகாரத்தின் சின்னம். அச்சொல்லிலிருந்தே பாசிசம் என்ற பெயர் பிறந்தது. 1919 மார்ச் 23 ஆம் திகதி மிலான் நகரில் பெனிற்றோ முசோலினி தமது இயக்கத்தை ஆரம்பித்தார். ஜேர்மனியில் ஹிட்லரின் நாசிசவாதமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. எனினும் நாசிசவாதத்தின் மையத்தில் தொடக்கம் முதலே இனவெறியும் யூத எதிர்ப்பும் இருந்தன. இத்தாலியில் யூதருக்கு எதிரான இனச் சட்டங்கள் 1938 இலேயே கொண்டுவரப்பட்டன.

பாசிசவாதத்தின் பிரதான இயல்புகள்:

• தீவிர தேசியவாதம். நாடு அவமதிக்கப்பட்டுவிட்டது, அதன் பழம்பெருமையை மீட்க வேண்டும் என்ற பிரசாரம்.
• தலைவர் வழிபாடு. தலைவர் தவறிழைக்கமாட்டார் என்ற நம்பிக்கை.
• பாராளுமன்றம், பல கட்சி முறை, சுதந்திரப் பத்திரிகை என்பவற்றின் மீதான வெறுப்பு.
• சீருடை அணிந்த கட்சிப் படைகள் (இத்தாலியில் கறுப்புச் சட்டையினர், ஜேர்மனியில் கபிலச் சட்டையினர்) மூலம் வன்முறையைப் பயன்படுத்தல்.
• நாட்டின் எல்லாத் துன்பங்களுக்கும் ஒரு மக்கட் பிரிவினரைக் காரணம் காட்டி அவர்களை எதிரியாக்குதல்.
• போரையும் நாடு பிடித்தலையும் போற்றுதல்.

கவனிக்குக: எல்லாச் சர்வாதிகாரமும் பாசிசம் அன்று. ஓர் இராணுவத் தளபதி படைபலத்தால் ஆட்சியைக் கைப்பற்றினால் அது இராணுவச் சர்வாதிகாரம். மக்களைப் பெருந்தொகையாகத் திரட்டி, கட்சி அமைத்து, தேர்தலிலும் தெருவிலும் ஒரே நேரத்தில் இயங்கியமையே பாசிசவாதத்தின் சிறப்பியல்பு.

2. இத்தாலியில் பாசிசவாதம் ஆட்சிக்கு வந்த விதம்

முதலாம் உலகப் போரில் வெற்றி பெற்ற அணியில் இருந்தும் எதிர்பார்த்த பிரதேசங்கள் கிடைக்காமையால் இத்தாலியர் ஏமாற்றமடைந்தனர். போருக்குப் பின் விலைவாசி உயர்ந்தது. வேலைநிறுத்தங்கள் பெருகின. தொழிலாளர் தொழிற்சாலைகளைக் கைப்பற்றினர். ரஷ்யாவில் 1917 இல் நிகழ்ந்தது போன்ற புரட்சி இங்கும் ஏற்படும் என நிலப்பிரபுக்களும் தொழிலதிபர்களும் அஞ்சினர். கறுப்புச் சட்டையினர் தொழிற்சங்க அலுவலகங்களைத் தாக்கியபோது அவர்களுட் பலர் பணம் கொடுத்து உதவினர். பொலிசார் பல இடங்களில் பார்த்தும் பாராதிருந்தனர்.

ஆனால் மக்களின் ஆதரவு எவ்வளவு இருந்தது? 1919 பொதுத் தேர்தலில் பாசிசவாதிகளுக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. 1921 இல் பிரதமர் ஜியோலிட்டி, சோசலிசவாதிகளை அடக்க இவர்கள் உதவுவர் எனக் கருதித் தமது தேர்தல் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். அதன் பயனாக அவர்கள் 35 ஆசனங்களைப் பெற்றனர். பாராளுமன்றத்தின் மொத்த ஆசனங்கள் 535.

1922 ஒக்டோபரில் கறுப்புச் சட்டையினர் "உரோமை நோக்கிய பயணம்" என்பதைத் தொடங்கினர். பிரதமர் பக்டா இராணுவச் சட்டத்தைப் பிரகடனப்படுத்தத் தயாரானார். ஆயினும் மன்னர் மூன்றாம் விக்டர் இமானுவேல் அதில் கையொப்பமிட மறுத்து, முசோலினியையே அரசாங்கம் அமைக்குமாறு அழைத்தார். மிலானில் இருந்த முசோலினி புகையிரதத்தில் உரோமுக்கு வந்து பிரதமரானார். ஆகவே "படையெடுத்து உரோமைக் கைப்பற்றினார்" என எழுதுவது தவறு. பதவி அவருக்கு வழங்கப்பட்டது.

அடுத்த மாதம் பாராளுமன்றம் 306 வாக்குகளால் அவரது அரசாங்கத்தில் நம்பிக்கை தெரிவித்தது. எதிர்த்தவை 116 வாக்குகள். 35 உறுப்பினர் மட்டும் கொண்ட கட்சிக்கு 306 வாக்குகள் கிடைத்தமை, ஏனைய கட்சிகள் அளித்த ஆதரவைக் காட்டுகிறது.

பின்னர் நிகழ்ந்தவை:

1923 – அதிக வாக்குகளைப் பெறும் கட்சி குறைந்தது 25 வீதத்தைப் பெற்றிருப்பின் மூன்றில் இரண்டு பங்கு ஆசனங்களைப் பெறும் எனத் தேர்தல் சட்டம் மாற்றப்பட்டது.
1924 – தேர்தல் மோசடிகளையும் வன்முறையையும் பாராளுமன்றத்தில் அம்பலப்படுத்திய சோசலிச உறுப்பினர் மத்தியோட்டி ஜூன் 10 ஆம் திகதி கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்.
1925 – முசோலினி வெளிப்படையான சர்வாதிகாரத்தைத் தொடங்கினார்.
1926 – ஏனைய கட்சிகள் தடைசெய்யப்பட்டன.

3. ஜேர்மனியில் நாசிசவாதம் ஆட்சிக்கு வந்த விதம்

முதலாம் உலகப் போரில் தோல்வியுற்ற ஜேர்மனியில் 1919 இல் வீமர் குடியரசு தோன்றியது. அதே ஆண்டு ஜூன் 28 ஆம் திகதி கைச்சாத்தான வேர்சேல்ஸ் ஒப்பந்தம் ஜேர்மன் இராணுவத்தை 100,000 பேராக மட்டுப்படுத்தியது. 1921 இல் போர் நட்டஈடு 132 பில்லியன் பொன் மார்க்குகள் என நிர்ணயிக்கப்பட்டது. 1923 நவம்பரில் நாணயப் பெறுமதி வீழ்ச்சியடைந்து, ஓர் அமெரிக்க டொலரின் விலை 4.2 இலட்சம் கோடி மார்க்குகளாக உயர்ந்தது. ஆயுட்காலச் சேமிப்பு ஒரு பாண் வாங்கவும் போதாமற் போயிற்று.

அதே மாதத்தில் ஹிட்லர் மியூனிக் நகரில் ஆயுதக் கிளர்ச்சி ஒன்றை மேற்கொண்டு தோல்வியடைந்தார். ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றும் 1924 டிசெம்பரிலேயே விடுதலையானார். பலாத்காரத்தால் அரசைக் கவிழ்க்க முடியாது, சட்ட வழியால் உள்ளே நுழைய வேண்டும் என்பதே அத்தோல்வியிலிருந்து அவர் கற்ற பாடம்.

பாராளுமன்றத் தேர்தல்களில் நாசிக் கட்சி பெற்ற இடங்களைப் பின்வரும் அட்டவணை காட்டுகிறது.

தேர்தல் – வாக்கு வீதம் – ஆசனங்கள்
1928 மே – 2.6 – 12
1930 செப்டெம்பர் – 18.3 – 107
1932 ஜூலை – 37.3 – 230
1932 நவம்பர் – 33.1 – 196
1933 மார்ச் – 43.9 – 288

இவ்வட்டவணையிலிருந்து நாம் பெறும் முடிவுகள் மூன்று.

(அ) 1928 இல் நாசிக் கட்சி மிகச் சிறிய கட்சி. அப்போதும் வேர்சேல்ஸ் ஒப்பந்தம் இருந்தது, அவமான உணர்வும் இருந்தது. 1929 இல் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கி, 1932 இன் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை 60 இலட்சத்தை எட்டியதன் பின்னரே கட்சி பெரிதாக வளர்ந்தது. எனவே வேர்சேல்ஸ் ஒப்பந்தத்தை மட்டும் காரணமாக எழுதுதல் போதாது.

(ஆ) 1932 நவம்பரில் நாசிக் கட்சி ஏறத்தாழ 20 இலட்சம் வாக்குகளை இழந்தது. ஹிட்லர் சான்சலராக நியமிக்கப்பட்டது அதற்குப் பின்னர், 1933 ஜனவரி 30 ஆம் திகதி. அதாவது அவரது செல்வாக்கு உச்சத்தில் இருந்தபோதன்று, இறங்கத் தொடங்கிய வேளையிலேயே பதவி அவருக்குக் கிடைத்தது.

(இ) சுதந்திரமான எத்தேர்தலிலும் ஜேர்மன் வாக்காளரில் அரைவாசிப் பேர் நாசிக் கட்சிக்கு வாக்களிக்கவில்லை. எதிரணியினர் சிறையிலடைக்கப்பட்டு, கபிலச் சட்டையினர் தெருக்களில் அச்சுறுத்திய 1933 மார்ச் தேர்தலிற்கூட 43.9 வீதமே கிடைத்தது.

அவ்வாறாயின் ஹிட்லர் எவ்வாறு ஆட்சிக்கு வந்தார்? இதற்கான காரணங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, அவசரகால அதிகாரம் வழமையாகியமை. வீமர் யாப்பின் 48 ஆம் உறுப்புரை, ஆபத்து வேளையில் பாராளுமன்றத்தைத் தவிர்த்துக் கட்டளைகள் மூலம் ஆள ஜனாதிபதிக்கு இடமளித்தது. 1930 முதல் சான்சலர் புருனிங்கும் அவருக்குப் பின் வந்தோரும் இதனையே நம்பி ஆண்டனர். 1930 இல் பாராளுமன்றம் 98 சட்டங்களை நிறைவேற்றியது. 1932 இல் நிறைவேற்றியவை 5 மாத்திரமே. ஹிட்லர் வருமுன்னரே பாராளுமன்றம் வலுவிழந்துவிட்டது. மக்களும் அதற்குப் பழகிவிட்டனர்.

இரண்டாவது, எதிரணியின் பிளவு. சமூக சனநாயகக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் ஒன்றையொன்று பிரதான எதிரியாகக் கருதின. 1932 நவம்பரில் இவ்விரு கட்சிகளின் வாக்குகளையும் கூட்டினால் நாசிக் கட்சியின் வாக்குகளிலும் அதிகம். ஆயினும் இரண்டும் இணையவில்லை.

மூன்றாவது, பழைமைவாதத் தலைவர்களின் தப்புக்கணக்கு. முன்னாள் சான்சலர் வொன் பாப்பன் முதலியோர், ஹிட்லரின் மக்கள் ஆதரவைத் தாம் பயன்படுத்திக்கொண்டு அவரைத் தமது கட்டுப்பாட்டில் வைத்திருக்கலாம் எனக் கருதினர். முதல் அமைச்சரவையில் ஹிட்லருடன் சேர்த்து மூன்று நாசிகளே இருந்தனர். பாப்பன் உப சான்சலர் ஆனார். வயது முதிர்ந்த ஜனாதிபதி ஹின்டன்பேர்க்கும் இதற்கு இணங்கினார்.

நிகழ்ந்தது யாது? 1933 பெப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே அதே 48 ஆம் உறுப்புரையின் கீழ் பேச்சு, பத்திரிகை, கூட்டம் கூடும் சுதந்திரங்கள் நிறுத்தப்பட்டன. மார்ச் 22 இல் டாஹவ் வதைமுகாம் திறக்கப்பட்டது. மார்ச் 23 இல் அரசாங்கமே சட்டமியற்றும் அதிகாரமளிக்கும் சட்டம் பாராளுமன்றத்தின் முன் வந்தது. அதனை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன. கம்யூனிஸ்ட் உறுப்பினர் சமுகமளிக்கத் தடுக்கப்பட்டனர். கபிலச் சட்டையினர் மண்டபத்தினுள் நிரையாக நின்றனர். அந்நிலையிலும் சமூக சனநாயகக் கட்சித் தலைவர் ஒட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். அவரது கட்சியினர் 94 பேரும் எதிர்த்து வாக்களித்தனர். கத்தோலிக்க மத்திய கட்சி உட்பட ஏனைய கட்சிகள் ஆதரித்தமையால் 444 வாக்குகளால் சட்டம் நிறைவேறியது. ஆதரித்த கட்சிகளுக்கும் அதனால் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. ஜூலை 14 ஆம் திகதியளவில் நாசிக் கட்சி தவிர்ந்த எல்லாக் கட்சிகளும் இல்லாதொழிந்தன.

இதன் முடிவு உங்களுக்குத் தெரியும். 1935 இல் நியூரம்பேர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. 1939 செப்டெம்பர் 1 இல் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. போர் முடியுமுன் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். ரோமா இன மக்கள், வலது குறைந்தோர், போர்க் கைதிகள் எனப் பலரும் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர்.

4. பாசிசவாதம் ஆட்சிக்கு வர முடியாமற் போன நாடுகள்

பல மாணவர்கள் படிக்காமல் விடும் பகுதி இது. பெருமந்தம் எல்லா நாடுகளையும் பாதித்தது. பாசிசக் கட்சிகளும் பல நாடுகளில் தோன்றின. ஆயினும் எல்லா இடங்களிலும் அவை வெற்றி பெறவில்லை.

பெல்ஜியம் இதற்குச் சிறந்த உதாரணம். தெகிரெல் என்பவரின் ரெக்ஸ் கட்சி 1936 பொதுத் தேர்தலில் 11.5 வீத வாக்குகளையும் 21 ஆசனங்களையும் பெற்றது. மேலும் வளரலாம் என எண்ணிய தெகிரெல், தமது கட்சி உறுப்பினர் ஒருவரைப் பதவி விலகச் செய்து, 1937 ஏப்பிரலில் பிரசெல்சில் இடைத் தேர்தலை ஏற்படுத்தித் தாமே போட்டியிட்டார். கத்தோலிக்கர், லிபரல்வாதிகள், சோசலிசவாதிகள், கம்யூனிஸ்டுகள் ஆகிய எல்லோரும் தமது வேறுபாடுகளை ஒருபுறம் வைத்துவிட்டுப் பிரதமர் வான் சீலன்டையே ஆதரித்தனர். ரெக்ஸ் கட்சி கத்தோலிக்கரின் வாக்குகளையே பெரிதும் நம்பியிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால் அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். வான் சீலன்ட் ஏறத்தாழ 76 வீத வாக்குகளைப் பெற்றார். தெகிரெல் பெற்றது ஏறத்தாழ 19 வீதம். 1939 தேர்தலில் ரெக்ஸ் கட்சிக்கு 4 ஆசனங்களே எஞ்சின.

பிரித்தானியாவில் ஒஸ்வல்ட் மோஸ்லி 1932 இல் பாசிசவாதிகளின் சங்கத்தை அமைத்தார். 1936 ஒக்டோபர் 4 இல் கிழக்கு லண்டனில் யூதர் வாழ்ந்த பகுதியினூடாக அவர் நடத்தவிருந்த ஊர்வலத்தை மக்கள் திரண்டு தடுத்தனர். அதே ஆண்டு அரசியற் சீருடைகளைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அக்கட்சி பாராளுமன்ற ஆசனம் எதனையும் ஒருபோதும் வென்றதில்லை.

ஜேர்மனியையும் பெல்ஜியத்தையும் ஒப்பிடுக. இரு நாடுகளிலும் பொருளாதார நெருக்கடி இருந்தது, தீவிரவாதக் கட்சியும் இருந்தது. பெல்ஜியத்தின் நெருக்கடி ஜேர்மனியினது போல் ஆழமானதன்று என்பது உண்மையே. ஆயினும் முக்கிய வேறுபாடு, பதவியிலிருந்த பழைமைவாதத் தலைவர்கள் செய்த தெரிவில் உள்ளது. பாப்பன் ஹிட்லரை அமைச்சரவைக்குள் அழைத்தார். பெல்ஜியக் கத்தோலிக்கத் தலைவர்கள் தெகிரெலுடன் சேர மறுத்தனர். பழைமைவாதிகளின் உதவியுடனேயே பாசிசவாதிகள் ஆட்சியை அடைந்தனர் என்பதை அமெரிக்க வரலாற்றாசிரியர் ரொபேர்ட் பக்ஸ்டனும் வலியுறுத்துகிறார்.

5. 1945 இன் பின்னர் எடுக்கப்பட்ட பாதுகாப்பு நடவடிக்கைகள்

• நியூரம்பேர்க் வழக்கு (1945–1946): நாசித் தலைவர்கள் சர்வதேச நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டனர். 12 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேலிடத்துக் கட்டளைக்குப் பணிந்தேன் என்பது குற்றத்திலிருந்து விடுவிக்காது என்ற கொள்கை நிலைநாட்டப்பட்டது.

• மேற்கு ஜேர்மனியின் யாப்பு (1949 மே 23): வீமர் யாப்பின் குறைகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. மனித கௌரவம் மீறப்பட முடியாதது என்பது முதலாம் உறுப்புரை ஆயிற்று. அதனையும் சனநாயக அமைப்பின் அடிப்படைகளையும் எப்பெரும்பான்மையாலும் நீக்க முடியாது. புதிய சான்சலரைத் தெரிவு செய்யாமல் பழையவரைப் பாராளுமன்றம் நீக்க முடியாது. சனநாயகத்தை ஒழிக்க முயலும் கட்சியை யாப்பு நீதிமன்றம் தடைசெய்யலாம். 1952 இல் நாசிசத்தின் வழிவந்த ஒரு கட்சி அவ்வாறு தடைசெய்யப்பட்டது. இவற்றுடன், குறைந்தது 5 வீத வாக்குகள் பெறாத கட்சிக்குப் பொதுவாக ஆசனம் இல்லை எனத் தேர்தல் சட்டமும் விதித்தது.

• இத்தாலியின் யாப்பு (1948 ஜனவரி 1 முதல்): கலைக்கப்பட்ட பாசிசக் கட்சியை எவ்வடிவிலும் மீண்டும் அமைத்தல் தடைசெய்யப்பட்டது.

6. அண்மைக்கால உதாரணம்: கிரேக்கம்

சட்டப் பாதுகாப்புகள் இருந்தும் ஆபத்து எவ்வாறு திரும்பலாம், எவ்வாறு தடுக்கப்படலாம் என்பதைக் கிரேக்கத்தின் அனுபவம் காட்டுகிறது.

2009 இல் கிரேக்கத்தின் கடன் நெருக்கடி வெளிப்பட்டது. சம்பளங்களும் ஓய்வூதியங்களும் குறைக்கப்பட்டன. 2013 இல் வேலையின்மை 27 வீதத்தைத் தாண்டியது. நாசிச் சாயலுள்ள சின்னமும் குடிவரவாளருக்கு எதிரான வன்முறையும் கொண்ட "பொன் விடியல்" கட்சி, 2009 இல் பெயரளவிலேயே இருந்தது. 2012 ஜூனில் அக்கட்சி ஏறத்தாழ 7 வீத வாக்குகளையும் 300 இல் 18 ஆசனங்களையும் பெற்றது. 1928 க்கும் 1930 க்கும் இடையில் ஜேர்மனியில் நிகழ்ந்ததை இது நினைவூட்டுகிறது.

ஆயினும் பிந்திய நிகழ்வுகள் வேறுபட்டன. 2013 செப்டெம்பரில் பாசிச எதிர்ப்புப் பாடகர் பவ்லோஸ் பிசாஸ் அக்கட்சியின் ஆதரவாளர் ஒருவரால் குத்திக் கொல்லப்பட்டார். மக்கள் வீதிக்கு வந்தனர். சில நாட்களில் கட்சித் தலைவரும் பாராளுமன்ற உறுப்பினர் பலரும் கைது செய்யப்பட்டனர். பெரிய கட்சி எதுவும் அக்கட்சியை அரசாங்கத்தில் சேர்க்கவில்லை. 2019 தேர்தலில் அது எல்லா ஆசனங்களையும் இழந்தது. ஐந்தாண்டுக்கு மேல் நீடித்த விசாரணையின் பின், 2020 ஒக்டோபர் 7 இல் அக்கட்சி ஒரு குற்றவியல் அமைப்பாக இயங்கியது என ஏதென்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

எனினும் அத்துடன் முடியவில்லை. சிறையிலிருந்த அக்கட்சியின் முன்னாள் முன்னணியாளர் ஒருவரின் ஆதரவைப் பெற்ற "ஸ்பார்ட்டன்கள்" என்ற புதிய கட்சி 2023 ஜூன் தேர்தலில் 12 ஆசனங்களை வென்றது. ஓர் அமைப்பைத் தண்டிக்கலாம். அதற்கு வாக்களிக்கத் தூண்டிய கோபத்தை நீதிமன்றத்தால் தண்டித்துத் தீர்க்க முடியாது.

இத்தாலி, ஜேர்மனி பற்றி எழுதும்போது நிதானம் தேவை. 2022 இல் இத்தாலியின் பிரதமரான ஜோர்ஜியா மெலோனியின் கட்சி, 1946 இல் முசோலினியின் ஆதரவாளர்கள் அமைத்த இயக்கத்தின் வழியில் வந்தது. ஆயினும் பாசிசத்தின் மீது தமக்கு ஒருபோதும் அனுதாபம் இருந்ததில்லை என அவர் பாராளுமன்றத்தில் கூறினார். 1926 இல் நிகழ்ந்தது போன்று ஏனைய கட்சிகள் தடைசெய்யப்படவுமில்லை. ஜேர்மனியில் 2025 பெப்ரவரித் தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சி ஒன்று 20.8 வீத வாக்குகளுடன் இரண்டாமிடம் பெற்றது. ஏனைய பெரிய கட்சிகள் அதனுடன் கூட்டுச் சேர மறுத்து அரசாங்கம் அமைத்தன. இத்தகைய கட்சிகளைப் பாசிசக் கட்சிகள் எனலாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பரீட்சை விடையில் "விவாதத்துக்குரியது" என எழுதி, இரு பக்க ஆதாரங்களையும் தருவதே முறை.

7. எனவே, மீண்டும் வர முடியுமா?

வர முடியும் என்பதற்கான காரணங்கள்:
• பொருளாதார நெருக்கடி, வேலையின்மை, அவமான உணர்வு என்பன எக்காலத்திலும் தோன்றக்கூடியவை.
• துன்பத்துக்கு ஒரு சிறுபான்மையினரைக் காரணம் காட்டும் பிரசாரத்துக்கு இன்றும் செவிசாய்ப்போர் உளர். நாசிகள் வானொலியைப் பயன்படுத்தினர். இன்று கைத்தொலைபேசி ஊடாக வதந்தி அதனிலும் விரைவாகப் பரவுகிறது.
• சட்டத்தைக் கொண்டே சட்டத்தை அழிக்கலாம் என்பதை 1933 காட்டியது.

வருவது கடினம் என்பதற்கான காரணங்கள்:
• யாப்புகளிலும் நீதிமன்றங்களிலும் 1930 களில் இல்லாத பாதுகாப்புகள் பல உள்ளன.
• அன்றைய ஜேர்மனியின் சனநாயகம் 14 ஆண்டு வயதுடையது. இன்று பல ஐரோப்பிய நாடுகளில் அது பல தலைமுறை கண்டது.
• பாசிசத்தின் முடிவு என்ன என்பதை 1922 இல் எவரும் அறியார். இன்று நாம் அறிவோம்.

முடிவுரையாக எழுதத்தக்கது: பாசிசவாதம் அதே சீருடையுடனும் அதே பெயருடனும் திரும்பும் எனக் கூற முடியாது. ஆனால் அதனை ஆட்சிக்குக் கொண்டுவந்த நிலைமைகள் மறையவில்லை. நெருக்கடி அதற்கு வாக்குகளைக் கொடுத்தது. பதவியைக் கொடுத்தவர்கள் அதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என நினைத்த ஏனைய அரசியல்வாதிகளே. ஆகவே அது வருமா வராதா என்பது, நெருக்கடி வேளையில் ஏனைய கட்சிகளும் நீதிமன்றங்களும் பத்திரிகைகளும் வாக்காளரும் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதிலேயே தங்கியுள்ளது.

8. மாணவர் பொதுவாக விடும் தவறுகள்

• "ஹிட்லர் புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்தார்" – தவறு. ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டார்.
• "பெரும்பான்மை ஜேர்மனியர் ஹிட்லருக்கு வாக்களித்தனர்" – தவறு. அட்டவணையைப் பார்க்க.
• சான்சலர் நியமனத்தையும் (1933 ஜனவரி 30) அதிகாரமளிக்கும் சட்டத்தையும் (1933 மார்ச் 23) ஒன்றாகக் குழப்புதல்.
• கருத்தை மட்டும் எழுதி ஆதாரம் தராமல் விடுதல்.

9. மாதிரி வினாக்கள்

(அ) பல்தேர்வு

1. முசோலினியை அரசாங்கம் அமைக்க அழைத்தவர்
(1) ஜியோலிட்டி (2) பக்டா (3) மூன்றாம் விக்டர் இமானுவேல் (4) மத்தியோட்டி

2. நாசிக் கட்சியின் வாக்குகள் முன்னைய தேர்தலிலும் குறைந்த தேர்தல்
(1) 1930 செப்டெம்பர் (2) 1932 ஜூலை (3) 1932 நவம்பர் (4) 1933 மார்ச்

3. அதிகாரமளிக்கும் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த கட்சி
(1) மத்திய கட்சி (2) சமூக சனநாயகக் கட்சி (3) நாசிக் கட்சி (4) ரெக்ஸ் கட்சி

விடைகள்: 1 – (3), 2 – (3), 3 – (2)

(ஆ) அமைப்புக் கட்டுரை

1. பாசிசவாதத்தின் இயல்புகள் மூன்று தருக. (3 புள்ளிகள்)
2. வீமர் யாப்பின் 48 ஆம் உறுப்புரை சனநாயகத்தைப் பலவீனப்படுத்திய விதத்தை விளக்குக. (4 புள்ளிகள்)
3. பெல்ஜியத்தில் ரெக்ஸ் கட்சியின் தோல்விக்கும் ஜேர்மனியில் நாசிக் கட்சியின் வெற்றிக்கும் இடையிலான வேறுபாட்டைக் காரணங்களுடன் ஒப்பிடுக. (5 புள்ளிகள்)
4. "பாசிசவாதம் கடந்தகாலத்துக்கு மட்டும் உரியது." இக்கூற்றை மதிப்பிடுக. (8 புள்ளிகள்)

நான்காம் வினாவுக்கான விடைக்குறிப்பு: கூற்றை ஆதரிக்கும் இரண்டு காரணங்கள் (1949 யாப்பு, நியூரம்பேர்க் வழக்கு போன்றவை), கூற்றை மறுக்கும் இரண்டு காரணங்கள் (கிரேக்கம், நெருக்கடி மீண்டும் தோன்றக்கூடியமை), ஒவ்வொன்றுக்கும் ஆண்டுடன் ஓர் உதாரணம், இறுதியில் உமது முடிவு. முடிவு ஆம் என்றாலும் இல்லை என்றாலும் புள்ளி உண்டு. ஆதாரமற்ற முடிவுக்குப் புள்ளி இல்லை.

மாணவர்களே, இவ்வலகிலுள்ள ஆண்டுகளையும் எண்களையும் மனத்தில் இருத்துங்கள். அவற்றுடன் 444, 94 என்ற இரு எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் வாக்காளர்கள் ஆவீர்கள். எவ்வகை அரசியலை ஆதரிப்பது என்பது உங்கள் உரிமை. ஆனால் அடுத்தவரின் உரிமையைப் பறிப்பதற்கு உங்களிடம் சம்மதம் கேட்கப்படும்போது, 1933 மார்ச் 23 இல் சம்மதித்த கட்சிகளுக்கு நான்கு மாதங்களில் என்ன நேர்ந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.